படுக்கும் பாயையும் யோசித்து வாங்குவோம்

போன வருசம் பல்கலைக்கழக நண்பர்களோடு குனோங் தகான் ஏறினேன். 2,187 மீட்டர், தீபகற்ப மலேசியாவிலேயே உயரமான மலை. அடுப்பு, அரிசி எல்லாத்தையும் எடை பார்த்து எடுத்த நான், படுக்கும் பாயை மட்டும் யோசிக்கவே இல்லை. அம்மாவின் யோகா பாயைச் சுருட்டிக் கட்டிக்கிட்டேன். களைப்பில் எங்க வேணும்னாலும் தூங்கிடலாம்னு நினைப்பு.

மேல் முகாமில் முதுகு வழியாகக் குளிர் ஏறியது. இரவு முழுக்கப் புரண்டேன். மறுநாள் இறங்கும்போது கால் நடுங்கி, வேர் தடுக்கி விழுந்து, முழங்கால் வீங்கிடுச்சு. குழுவில் மூத்த அண்ணன் தன் பையோடு என் பையையும் சுமந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஏன் குளிர்ந்தது?

தூங்கும் பையின் பஞ்சுக்குள் நிற்கும் காற்றுதான் வெப்பத்தைக் காக்கிறது. நாம் படுத்ததும் முதுகுக்குக் கீழே பஞ்சு நசுங்கிவிடும், காற்று போய்விடும். உடல் சூடு நேராகத் தரைக்கு இறங்கும். அதைத் தடுப்பது பாய்தான். எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் எண்ணுக்கு 'ஆர் மதிப்பு' என்று பெயர். எண் கூடினால் கதகதப்பும் கூடும். இரண்டு பாயை அடுக்கினால் இரண்டு எண்ணையும் கூட்டிக்கொள்ளலாம்.

மூன்று வகை

1. நுரைப் பாய்: சுமார் 400 கிராம், 2 சென்டிமீட்டர் தடிப்பு, ஆர் மதிப்பு 2 அளவில். முள் குத்தினாலும் கவலையில்லை, விலையும் குறைவு. ஆனா கொஞ்சம் கெட்டியா இருக்கும். பைக்கு வெளியேதான் கட்டணும்.

2. தானாகக் காற்று நிரம்பும் பாய்: உள்ளே நுரை இருக்கும். சொகுசுதான், ஆனால் பல பாய்கள் 600 கிராமுக்கு மேல்.

3. காற்றுப் பாய்: 6 சென்டிமீட்டருக்கு மேல் தடிப்பு, மடித்தால் தண்ணீர்ப் போத்தல் அளவு. பல பாய்கள் 500 கிராமுக்குள். ஓட்டை விழுந்தால் தரைதான், அதனால் ஒட்டுத்துணி கையில் இருக்கணும்.

எதை எடுப்பது?

தாழ்வான காட்டில் ஆர் மதிப்பு 1 அல்லது 2 போதும். 2,000 மீட்டர் உயரத்தில் இரவைக் கழித்தால் 2க்கு மேல் பாருங்கள். மல்லாந்து படுப்பவருக்கு நுரைப் பாய் சரிப்படும். ஒருக்களித்துப் படுத்தால் இடுப்பும் தோளும் தரையில் இடிக்கும். தடிப்பான காற்றுப் பாய் நல்லது. எடை குறைக்கணுமா? தோளிலிருந்து முழங்கால்வரை வரும் குட்டைப் பாய் போதும். காலுக்குக் காலிப் பையை விரிக்கலாம்.

வாயால் ஊதாதீர்கள். மூச்சின் ஈரம் உள்ளே தங்கி, நம்ம ஊர்ச் சூட்டில் பூஞ்சை பிடிக்கும். காற்றடிக்கும் பையைப் பயன்படுத்துங்கள். ஊதிய பாயை வெயிலில் விடாதீர்கள். காற்று விரிந்து உள் ஒட்டு பிரிந்துவிடும்.

செய்து பாருங்கள்

வாங்கும் முன் கடைத் தரையில் பாயை விரித்து, நீங்கள் வழக்கமாகத் தூங்கும் விதத்தில் பத்து நிமிடம் படுங்கள். வெட்கப்பட வேண்டாம். வாங்கிய பிறகு வீட்டுத் தரையில் ஓர் இரவு தூங்குங்கள். காலையில் காற்று இறங்கியிருந்தால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை.

நான் இப்போ நுரைப் பாய்தான் வச்சிருக்கேன். அடுத்த பயணத்தில் அண்ணன் பையில் பாதியை நான் சுமக்கணும். அதுக்கு முதல்ல நல்லாத் தூங்கணும்.