தட்டொலி அறிதல்

முள்ளிக்குளக் கரையில் மாலைப்பொழுதில் நிற்பார்க்கு, கடலினின்று மீளும் வள்ளங்களைக் கண் காணுமுன்னே செவி கண்டுவிடும். வெளியிணைப்பு எஞ்சினின் ஒலியைக் கேட்டே, வருவது இன்னாருடைய போட் என அங்குள்ள சிறுவர் கூறுவர். 2007ஆம் ஆண்டு இடம்பெயர்ந்து நெடுங்காலம் ஊரினைப் பிரிந்திருந்த அம்மக்கள், அக்கேள்வியறிவினை மட்டும் கைவிட்டாரல்லர்.

தமிழாசிரியராகிய நாம் எஞ்சினைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு பழைய மாணவர் சிலர் நகைத்தல் கூடும். லகர ளகர ழகரங்களின் ஒலி வேறுபாட்டை உணர்த்துவதற்கே எம் வாழ்நாளிற் பாதியைச் செலவிட்டோம். ஈண்டு யாம் சொல்லப்போவதும் ஒலி வேறுபாடே. பிழைவிட்டால் இழப்பது புள்ளியன்று, பொருள் என்பதே வேற்றுமை.

அண்மையில் எம்மிடம் பயின்ற ஒருவர், தாம் கடன்பட்டு வாங்கிய சிறு டேர்போக் காரில் எம்மை அக்கரைக்கு அழைத்துச் சென்றார். ஆயிரம் கன சென்ரிமீற்றருக்குட்பட்ட, மூன்று உருளைகளையுடைய எஞ்சின். வாடகைக்கு ஓடும் அக்காரின் வருவாயே அவர் குடும்பத்திற்கு ஆதாரம். வலு போதாதென்று, வெளியூரில் ஒருவரிடம் பணங்கொடுத்து, எஞ்சினை ஆளும் கணினியின் கணக்குகளை மாற்றுவித்திருந்தார். புதிய கணக்கு ஒக்டேன் 95 பெற்றோலை நம்பி எழுதப்பட்டது. அன்று கிடைத்ததோ 92. சிலாவத்துறை கடந்து, ஐவர் ஏறிய கார் மெதுவாய்ச் செல்லுகையில் மிதிகட்டையை அவர் அழுத்தினார். உடனே, தகரப் பேணியிற் சிறுகற்களை இட்டுக் குலுக்கினாற்போல ஓர் ஒலி எழுந்தது.

“ரோட்டுக் கல்லுத்தான் சேர், அடியில படுது,” என்றார் மாணவர்.

வழியில் ஏறியிருந்த முதிய மீனவர் தலையசைத்தார். “கல்லில்லைத் தம்பி. பெற்றோல் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் கலந்தா இப்பிடித்தான் கத்தும். காலை எடுங்கோ.”

காலை எடுத்ததும் ஒலி நின்றது. மீண்டும் அழுத்தியதும் எழுந்தது. நோய் இன்னதென்பது அப்பொழுதே தெளிவாயிற்று. மெக்கானிக்குகள் ‘நொக்கிங்’ என்பது இதனையே. நாம் தட்டொலி என வழங்குவாம்.

பிளக்கிற் பிறக்கும் பொறி, பெற்றோலும் காற்றும் கலந்த கலவையிற் பற்றி, சுவாலையாய் உருளையின் ஒரு புறமிருந்து மறுபுறம் ஒழுங்காய்ப் பரவுதல் வேண்டும். அங்ஙனம் பரவுங்கால், இன்னும் பற்றாது மூலையிற் கிடக்கும் கலவை, பெருகிவரும் அமுக்கத்தால் நெருக்குண்டு சூடேறுகின்றது. சுவாலை வந்தடையுமுன் அது பொறுமையிழந்து தானே ஒருங்கு பற்றிவிடின், அமுக்க அலையொன்று தோன்றி உருளைச் சுவரில் மாறிமாறி மோதும். அம்மோதலே நாம் கேட்கும் ஒலி. உலோகச் சுவரைக் காத்துநிற்கும் மெல்லிய வாயுப் படையினையும் அவ்வலை கலைத்துவிடுதலால், வெப்பம் நேரே உலோகத்துட் பாய்கின்றது. நாளடைவில் முசலத்தின் விளிம்பு அரிக்கப்படும். வளையங்களைத் தாங்கும் வரம்பு உடையும். வன்மை மிகின் முசலம் துளைபடுதலும் உண்டு.

டேர்போ இதனைத் தூண்டுமாறு யாங்ஙனம்? கழிவு வாயுவின் விசையாற் சுழலும் சுழலி, காற்றினை அமுக்கி உட்செலுத்துகின்றது. அமுக்கப்பட்ட காற்று சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்க்குப் பம்பின் அடி சுடுவது தெரியும். 30 பாகை செல்சியஸ் காற்றினை, 70 சதவீதத் திறனுடைய அமுக்கி இருமடங்கு அமுக்கத்திற்குக் கொணரின், அதன் வெப்பநிலை ஏறத்தாழ 125 பாகையாகும். இடைக்குளிர்த்தி அதிற் பெரும்பகுதியைக் கழிக்கும். ஆயினும் மன்னார்க் கரையின் நண்பகல் வெயிலில், மெல்ல ஊரும் காரில், அதன் பணி குன்றும். ஆதலின் குளிர்நாட்டிற் பழுதறச் சென்ற கணக்கு ஈண்டுப் பழுதாதல் வியப்பன்று.

எரிபொருளின் பொறுமைக்கு அளவுகோலே ஒக்டேன் எண். ஐசோ ஒக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என வகுத்து, அவற்றின் கலவைகளோடு ஒப்பிட்டு அளப்பர். மண்ணெண்ணெயின் எண் மிகத் தாழ்ந்தது. அதனாலேயே மண்ணெண்ணெயில் ஓடும் போட் எஞ்சின்களை அமுக்கவிகிதம் குறைத்துச் செய்வர். பெற்றோலில் இயக்கிச் சூடாகிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். (2022 ஓகத்தில் அவ்வெண்ணெயின் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ஆக உயர்ந்தமையால் அக்கரை பட்ட பாடு தனியே எழுதத்தக்கது.) தட்டொலியை அடக்க ஈயச் சேர்வை உதவுமென 1921இல் அமெரிக்கரான தோமஸ் மிட்ஜ்லி கண்டார். அந்நஞ்சினை நம் நாடு 2002இல் விலக்கிற்று; உலகின் இறுதி நாடாகிய அல்ஜீரியா 2021இல் விலக்கிற்று.

இனி, அறியுமாறு காண்பாம். முதற் கருவி வெறுஞ்செவி. தட்டொலியை அதன் உறவினரினின்று பிரித்தல் வேண்டும். வோல்வு இடைவெளி மிகுந்தால் எழும் ‘டிக்டிக்’ சுமையில்லாதபோதும் கேட்கும். தண்டின் தாங்கி தேய்ந்தால் எழுவது தாழ்ந்த ‘டொக்டொக்’. தட்டொலியோ சுமை ஏறும்போது ‘கிலுகிலு’வெனத் தோன்றி, மிதிகட்டையை விட்டதும் மறையும். இரட்டைக்கிளவி பிரிந்து நின்று பொருள் தராது என்பது நம் இலக்கண விதி. ஒற்றையாய் ஒருமுறை கேட்ட ‘கிலு’வையும் அங்ஙனமே கொள்ளலாம். அதே சுமையில், அதே வேகத்தில் மீண்டும் கேட்டாலன்றி முடிவு கட்டுதல் ஆகாது.

எஞ்சின் விரைந்து சுழலுங்காற் பிற ஓசைகள் செவியை மூடிவிடும். கேடு மிக விரைந்து நிகழ்வதும் அப்பொழுதே. அதற்குக் கைதேர்ந்தோர் ஓர் எளிய உபாயம் கண்டனர். செப்புக் குழாயொன்றின் நுனியைத் தட்டையாக்கித் துளையிட்டு எஞ்சின் உடலில் ஆணியால் இறுக்குவர்; மறுநுனியில் இறப்பர்க் குழாய் மாட்டி, காதுமூடியோடு இணைப்பர். ஒருவர் ஓட்ட, மற்றவர் கேட்பர். மருத்துவரின் நெஞ்சொலிமானியும் இதுவும் ஓரினமே.

மூன்றாவது, எஞ்சினுடலிற் பொருத்தப்படும் தட்டொலி உணரி. அதிலுள்ள படிகம் அதிர்வினை மின்னாக மாற்றும். தட்டொலியின் மீடிறன் பெரும்பாலும் உருளையின் விட்டத்தைப் பொறுத்தது; 73 மில்லிமீற்றர் விட்டமாயின் ஏறக்குறைய 7,800 ஹேட்ஸ். பொறி விழுந்து கலவை எரியும் சிறு இடைவேளையில் மட்டும் கணினி அம்மீடிறனுக்குச் செவிசாய்க்கும். எல்லை மீறின் பொறியைச் சில பாகை தாமதித்து, பின் சிறிது சிறிதாய் மீட்கும். 1978இல் பியூக் நிறுவனத்தின் டேர்போக் கார்களில் வந்த இம்முறை, சாப் நிறுவனத்தாரால் 1980களில் டேர்போ அமுக்கத்தையே அடக்கியாளும் நிலைக்கு உயர்ந்தது.

அங்ஙனமாயின், எம் மாணவரின் காரில் உணரி என் செய்தது? மன்னார் நகரிலுள்ள கராஜ் ஒன்றிற் கணினியைத் திறந்து பார்த்தபோது விடை கிடைத்தது. வலுவைக் கூட்டியவர், உணரியின் எல்லையையும் உயர்த்திவிட்டிருந்தார். அது கேட்டும் கேளாததாய் இருந்தது. இதனினும் பெரிய தீங்கு தொழிலில் இல்லையென்பது எம் துணிபு. பிளக்குகளைக் கழற்றியபோது, நடு உருளையின் பிளக்கில் வெண்பீங்கான்மேல் மிளகுத்தூள் தூவினாற்போன்ற புள்ளிகளும், அவற்றிடையே மின்னும் அலுமினியத் துகள் இரண்டும் காணப்பட்டன. அவை முசலத்தின் பொடி. மாணவர் ஒன்றும் பேசவில்லை. மாதத் தவணை இன்னும் மூன்றாண்டு இருந்தது.

நல்வினையாக, அமுக்கச் சோதனையில் மூன்று உருளைகளும் ஒத்து நின்றன. மெக்கானிக் பழைய கணக்கினையும் உணரியின் பழைய எல்லையையும் மீட்டார். பின்னர் 95 ஊற்றி, பொறியைப் பின்தள்ளி, தட்டல் அறவே இல்லாத நிலையில் எஞ்சினின் இயல்பொலியை முதலிற் கேட்டுப் பதிந்துகொண்டார். அதன்பின் ஒவ்வொரு பாகையாய் முன்னகர்த்தினார். இங்கே ஒரு நுட்பம்: முன்னகர்த்தியும் இழுவிசை கூடாதாயின், தட்டொலி கேளாவிடினும் அவ்விடத்தில் நிறுத்திவிடல் வேண்டும். கேட்டதாயின், இரண்டு பாகை பின்வாங்கல் வேண்டும். அல்லது டேர்போவின் அமுக்கத்தைத் தாழ்த்தல் வேண்டும்.

இன்னொன்றையும் அவர் எச்சரித்தார். நேரே உருளையுட் பெற்றோல் தெளிக்கும் சிறு டேர்போ எஞ்சின்களில், குறைந்த வேகத்திற் பெருஞ்சுமை ஏற்றினால், பொறி விழுமுன்னரே கலவை பற்றுதலும் உண்டு. அது ஒரே அடியில் முசலத்தை உடைக்கவல்லது. பொறியைத் தாமதித்தும் பயனில்லை. எஞ்சின் எண்ணெயிலுள்ள கல்சியச் சேர்மானம் அதனைத் தூண்டுமென அறியப்பட்டபின், 2018இல் எஸ்.என். பிளஸ் என்னும் எண்ணெய்த் தரம் வந்தது. உயர் கியரில் ஊர்ந்தவாறே மிதிகட்டையை அழுத்தாதிருத்தல் எவர்க்கும் செலவில்லாத காப்பு.

சோதனை ஓட்டத்திற்கு அதே முள்ளிக்குளத் தெருவையே தெரிந்தோம். ஆளரவம் குறைந்த இடத்தில் ஐவரே ஏறினோம். காதுமூடியை முதிய மீனவரிடம் கொடுத்தோம். கணினித் திரையில் எண் மாறுமுன்னரே அவர் கை உயர்ந்தது. “இப்ப ஒருக்கா,” என்றார். மெக்கானிக் இரண்டு பாகை பின்வாங்கினார். அதன்பின் கரை சேரும்வரை அக்கை உயரவில்லை.