காமாலைக்கு மருந்தே கிடையாதா?

"காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து கிடையாதும்மா. கீழாநெல்லிய அரைச்சு மோருல குடுத்தாப் போதும்." ஊரூர் ஆல்காட் குப்பத்துப் பெண்கள் இப்படிச் சொன்னால் நான் பொறுமையாகப் பதில் சொல்கிறேன். இரண்டு தெரு தள்ளி, பெசன்ட் நகர் மாடிவீட்டில் படித்தவர்கள் இதையே சொல்லி, "யுனிவர்சிட்டியிலேயே நிரூபிச்சிருக்காங்க டாக்டர்" என்று முத்திரையும் குத்தும்போதுதான் கோபம் வருகிறது.

அந்த யுனிவர்சிட்டி கதையிலிருந்தே தொடங்குகிறேன். அது கட்டுக்கதை அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்குடன் சேர்ந்து, 1988-ல் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 30 நாள் கீழாநெல்லி உட்கொண்ட 37 பேரில் 22 பேருடைய இரத்தத்தில் வைரஸின் மேற்பரப்புப் புரதம் காணாமல் போயிருந்தது. வெற்று மருந்து உட்கொண்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. உலகம் திரும்பிப் பார்த்தது. பார்க்க வேண்டிய முடிவுதான்.

ஆனால் அது காமாலைக்கான ஆய்வே அல்ல. ஹெபடைடிஸ் பி வைரஸை நாள்பட உடலில் சுமந்துகொண்டிருந்தவர்களிடம் செய்த முதற்கட்டச் சோதனை. அதையே 1990-ல் தாய்லாந்திலும் 1994-ல் நியூசிலாந்திலும் செய்து பார்த்தார்கள். இரண்டு இடத்திலும் வைரஸ் அசையவில்லை. எல்லா ஆய்வுகளையும் சேர்த்து எடைபோட்ட காக்ரேன் குழு, நம்பத்தக்க சான்று இல்லை என்று 2011-ல் எழுதியது. காமாலைக்கே கொடுத்துப் பார்த்த கேரள மருத்துவர்களின் ஆய்வு 1999-ல் வெளிவந்தது. கீழாநெல்லியால் மஞ்சள் சீக்கிரம் இறங்கவில்லை. முதல் ஆய்வை முப்பத்தைந்து ஆண்டுக்கு மேலாக நினைவில் வைத்திருக்கிறவர்கள், அடுத்து வந்த ஒன்றைக்கூடக் கேள்விப்பட்டதில்லை!

"அப்ப எங்க மாமாவுக்கு எப்படிக் கொணமாச்சு?" நல்ல கேள்வி. நம் ஊரில் தண்ணீரால் வரும் காமாலையில் பெரும்பகுதி ஹெபடைடிஸ் ஏ, இ வைரஸ்களால் வருவது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அந்த வாரங்களில் மாமா எதைக் குடித்தாரோ அதற்குப் பெயர் போகிறது. வெறும் மோரைக் குடித்திருந்தாலும் இறங்கியிருக்கும். ஆய்வுகளில் ஒரு பகுதியினருக்கு வெற்று மருந்து கொடுப்பதே இதைப் பிரித்தறியத்தான்.

காமாலை என்பது நோயின் பெயரும் அல்ல, அடையாளம். பித்தநீர்க் குழாயில் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும். கணையப் புற்றிலும் ஆகும். மழைக்குப் பின் வரும் எலிக்காய்ச்சலிலும் ஆகும். கல்லை எடுக்கலாம். எலிக்காய்ச்சலுக்குப் பென்சிலின் இருக்கிறது. ஹெபடைடிஸ் சி-யை 12 வார மாத்திரை நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் குணப்படுத்துகிறது. ஹெபடைடிஸ் பி-யை டெனோஃபோவிர் அடக்கி வைக்கிறது. சி, பி இரண்டுக்குமான மருந்துகள் 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசம். இத்தனையும் இருக்க, "மருந்தே இல்லை" என்பது பொய். ஆளைக் கொல்லும் பொய். மூன்று வாரம் பச்சிலைச் சாறு குடித்துவிட்டு, குளிர்க்காய்ச்சலோடு தூக்கிவரப்பட்ட ஓர் இளைஞனைப் பார்த்தேன். பித்தக்குழாயில் கல் அடைத்துச் சீழ் பிடித்திருந்தது. பிழைத்தான், மயிரிழையில்.

பச்சிலை கெடுதல் செய்யாது என்பதும் தவறு. கொரோனா காலத்தில் சீந்தில் குடித்து ஈரல் கெட்டு வந்தவர்களை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்திருக்கிறார்கள். உப்பில்லாப் பத்தியம் வேண்டாம். காமாலைக்காரருக்குச் சோறு வேண்டும், பசித்தால் மீன் குழம்பும் சாப்பிடலாம். கையில் சூடு போட்டால் புண்தான் மிச்சம். பச்சைக் குழந்தைக்கு மஞ்சள் கூடினால் காலை வெயில் போதாது, ஆஸ்பத்திரி விளக்குதான் வேண்டும்.

இலையைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம் குடிநீர்க் குழாயைப் பற்றிப் பேசுவதில்லையே என்பதுதான் என் ஆற்றாமை. விட்டுவிட்டு வரும் குழாயில், தண்ணீர் நிற்கும் நேரம் அழுத்தம் இறங்கும். விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடையை உள்ளே இழுக்கும். 1955-ல் டெல்லியில் யமுனை திசை மாறி, நீரேற்று நிலையத்துக்குள் கழிவுநீர் புகுந்தது; சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. அடையாறு முகத்துவாரத்தில் என்ன கலக்கிறது என்பதைக் குப்பத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குடிநீர்க் குழாயும் சாக்கடையும் ஒட்டி ஓடும் ஒவ்வொரு தெருவிலும் குழாயை மாற்றச் சொல்லி மனுப் போடுங்கள். அதுவரை தண்ணீரைக் கொதிக்கவிட்டுக் குடியுங்கள்.

கண் மஞ்சளாகத் தெரிந்தால் அன்றைக்கே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கீழாநெல்லி கொடுத்தே தீருவேன் என்கிறவர்களும் அதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். வீட்டில் கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால் விடியும்வரைகூடக் காத்திருக்காதீர்கள். ஹெபடைடிஸ் இ தொற்றிய கடைசி மூன்று மாதக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரை அது கொன்றிருக்கிறது.