கைப்பேசி எண்ணிய பள்ளங்கள்

எட்டாம் வகுப்பில் புள்ளியியல் நடத்தும்போது மதிப்பெண், உயரம், எடை எனத் தயாராக உள்ள எண்களைக் கொடுத்து வரைபடம் போடச் சொல்கிறோம். அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்க ஒரு பாடவேளையாவது ஒதுக்கலாம். அதற்கு அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது.

2012இல் அந்நகர நிர்வாகம் 'ஸ்ட்ரீட் பம்ப்' என்ற செயலியை வெளியிட்டது. கைப்பேசியைச் சாய்த்தால் திரை திரும்புகிறதல்லவா? அதற்கு உதவும் முடுக்கமானி என்ற உணரியையே இதிலும் பயன்படுத்தினார்கள். கார் குலுங்கினால் உணரி அதைப் பதிவுசெய்யும். குலுங்கிய இடத்தைச் செயலி நகர நிர்வாகத்துக்கு அனுப்பிவிடும். மனு எழுத வேண்டியதில்லை, அலுவலகத்துக்கு நடக்க வேண்டியதில்லை.

ஆனால் குலுங்கிய இடமெல்லாம் பள்ளம் இல்லை. சாலையில் மேடாகவோ தாழ்வாகவோ இருந்த ஆள்நுழைவுக் குழி மூடிகளும் கணக்கில் வந்தன. கணிதமுறையைத் திருத்தி இதை ஓரளவு சரிசெய்யலாம். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. அப்போது திறன்பேசி எல்லோரிடமும் இல்லை. ஏழைகளும் முதியவர்களும் அதிகம் வாழும் பகுதிகளிலிருந்து பதிவுகள் குறைவாகத்தான் வரும். வசதியானவர்களின் தெருக்களே மோசமானவை என்று தரவு சொல்லிவிடும். இதை உணர்ந்த நகர நிர்வாகம், நகரம் முழுவதும் சுற்றும் சாலை ஆய்வாளர்களிடம் செயலியை முதலில் கொடுத்தது. என் பார்வையில், செயலியைவிட இந்த முடிவுதான் பாராட்டுக்குரியது.

வகுப்பில் இதைச் சீட்டுகளைக் கொண்டு செய்து காட்டலாம். 'அ' தெருவுக்கு 5, 'ஆ' தெருவுக்கு 8 என 13 சீட்டுகள் எழுதுங்கள். ஒரு சீட்டு என்பது ஒரு வீட்டின் முன் உள்ள ஒரு பள்ளம். 'அ' தெருவில் 4 சீட்டுகளிலும் 'ஆ' தெருவில் 2 சீட்டுகளிலும் மட்டும் 'கைப்பேசி உண்டு' என்று குறியுங்கள். உண்மையாகவே யார் வீட்டில் கைப்பேசி இல்லை என்று வகுப்பில் கேட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் கூசிப்போவார்கள்.

கைப்பேசிச் சீட்டுகளை மட்டும் வைத்து முதல் பட்டை விளக்கப்படம்: 4, 2. எல்லாச் சீட்டுகளையும் வைத்து இரண்டாவது: 5, 8. இரண்டையும் கரும்பலகையில் அருகருகே வரைந்துவிட்டு, ஒரு தெருவைச் சீரமைக்க மட்டுமே பணம் இருக்கிறது, எதைத் தேர்வு செய்வீர்கள் என்று கேளுங்கள். அடுத்து, கைப்பேசி இல்லாத 7 வீட்டாரின் குறையை எப்படிப் பதிவுசெய்வது என்பதைக் குழுவாக எழுதச் சொல்லுங்கள். வீடு வீடாகக் கணக்கெடுப்பு, கிராம சபை, அஞ்சலட்டை என எது வந்தாலும் அதற்கு ஆகும் நேரத்தையும் செலவையும் அவர்களையே மதிப்பிட வையுங்கள்.