கணனியின் களமும் கொம்பறையும்

இடம்பெயர்ந்தோரின் காணி விபரங்களைத் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தோம். கணனி களைத்த மாடுபோல் தயங்கியது. பிறகு மின்சாரம் நின்றது. சேமிக்காத அத்தனையும் போயிற்று. மறுநாள் மக்களை மீண்டும் வரிசையில் நிறுத்தினோம்.

ராம் எனும் நினைவகம் சூடடிக்கும் களம், வன்தட்டு கொம்பறை. திறந்திருக்கும் ஒவ்வொரு வேலையும் களத்தில் இடம்பிடிக்கும். மின்சாரம் போனால் களத்தில் கிடப்பது அழியும். களம் நிறைந்தால் கணனி வன்தட்டில் ஒரு மூலையை இரவல் வாங்கி அங்குமிங்கும் சுமக்கும், தாமதம் அதனால்தான். வன்தட்டிலுள்ள படங்களை அழிப்பதால் களம் பெருக்காது. 1995இல் விண்டோஸ் 95க்கு 4 மெகாபைட் போதுமாயிருந்தது. 2021இல் வந்த விண்டோஸ் 11 குறைந்தது 4 கிகாபைட் கேட்டது, ஆயிரம் மடங்கு!

விண்டோஸ் கணனியில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறதென்று தெரியும். முதலில் சேமித்துவிட்டு, தேவையற்றதை மூடுவோம்.