பூ வேண்டாம், ஜரிகை வேண்டாம், ஒரு டாப்ஸ் போதும்

கண்ணு, ஞாயிற்றுக்கிழமை நாலு கடை ஏறி இறங்கி வெறுங்கையோடு வந்தேன் என்று போனில் சொன்னபோது உன் குரலே சரியில்லை. நீ கேட்டது என்ன? கழுத்தில் ஜரிகை, கையில் லேஸ், நெஞ்சில் கண்ணாடி எதுவும் இல்லாமல் ஒரே நிறத்தில் ஒரு காட்டன் டாப்ஸ். அதற்கு ஒரு கடையில், “ப்ளைனா? வயசானவங்கதாங்க அதை எடுப்பாங்க” என்று சொல்லியிருக்கிறார்கள். அதை மனதில் வைத்துக்கொள்ளாதே. தினமும் எட்டு மணி நேரம் உடம்பில் இருக்கப்போகிற துணி எப்படி இருக்க வேண்டும் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. அது நல்ல விஷயம்.

நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் எனக்கும் இதேதான் நடந்தது. ஒரு பெரிய ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண் முப்பது டாப்ஸை விரித்துப் போட்டுவிட்டாள். இவ்வளவு விரிக்க வைத்துவிட்டு எடுக்காமல் எப்படிப் போவது என்று சங்கடப்பட்டு, பொன்னிறப் பூ அச்சடித்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன். இரண்டு தடவை போட்டதோடு சரி. அதனால் முதல் விஷயம் இதுதான்: கடைக்குள் நுழைந்ததுமே “பிரிண்ட், ஒர்க் எதையும் எடுக்காதீங்க, ப்ளைன் இருந்தா மட்டும் காட்டுங்க” என்று சொல்லிவிடு. அப்படிச் சொல்லிவிட்டால் அவர்களுக்கும் மடிக்கிற வேலை மிச்சம், உனக்கும் நேரம் மிச்சம்.

ப்ளைன் ஏன் இவ்வளவு அரிது என்று தெரிந்துகொண்டால் எங்கே தேடுவது என்பதும் புரியும். பூப்போட்ட துணியில் நூல் முடிச்சோ சாயத் திட்டோ இருந்தால் பூவுக்குள் மறைந்துவிடும். மெல்லிய துணியில் கனமாக ஒரு எம்ப்ராய்டரி வைத்துவிட்டால் பார்வை அங்கேதான் போகும். ஒரே நிறத் துணியில் ஒளிய இடமில்லை. சாயம் ஒரு இடத்தில் வெளுத்திருந்தாலும் கண்ணில் படும், தையல் கோணினாலும் கண்ணில் படும். அதனால் நல்ல ப்ளைன் துணிக்கு நல்ல நூலும் நல்ல சாயமும் வேண்டும். அவ்வளவு செலவழித்துத் தைத்து மாட்டினாலும், “இதுல ஒண்ணுமே இல்லையே, இந்த விலையா?” என்று வருகிறவர்கள் கேட்பார்கள். கடைக்காரர் எதற்கு அதை அடுக்கி வைக்கப்போகிறார்?

ஆகவே ரெடிமேட் பிரிவை விட்டுவிட்டு மேட்சிங் சென்டருக்குப் போ. ஜாக்கெட் துணி வாங்க அம்மா நம்மை இழுத்துக்கொண்டு போவாளே, அதே கடைதான். ஒரு நிறம் கேட்டால் அதில் பத்துச் சாயல் எடுத்துப் போடுவார்கள், எல்லாமே ப்ளைன். பாப்ளின், கேம்ப்ரிக், 2x2 என்று கேள். 2x2 என்றால் பாவு, ஊடு இரண்டிலும் இரட்டை நூலை முறுக்கி நெய்தது. ஜாக்கெட்டுக்கு என்றே விற்றாலும் டாப்ஸுக்குத் தைத்தால் நன்றாக நிற்கும். அங்கே கிடைக்காவிட்டால் ஆண்களுக்கான சர்ட்டிங் பிரிவில் கேட்டுப் பார். சாம்பல், இளநீலம், சந்தன நிறம் எல்லாம் அங்கே எப்போதும் இருக்கும். அது ஆண்கள் பகுதி என்று தயங்காதே, துணிக்கு அந்த வித்தியாசம் கிடையாது.

வெட்டச் சொல்வதற்கு முன் பன்னா, அதாவது துணியின் அகலம், எவ்வளவு என்று கேள். முட்டி வரை வருகிற நேர்வெட்டு டாப்ஸ், முக்கால் கை என்றால் 36 இஞ்ச் பன்னாவுக்கு 3 மீட்டர், 44 இஞ்சுக்கு இரண்டரை மீட்டர், 58 இஞ்ச் சர்ட்டிங்குக்கு 2 மீட்டர் போதும். பாக்கெட்டுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

காசு கொடுப்பதற்கு முன் துணியை வாசலுக்குக் கொண்டுபோய் வெயில் வெளிச்சத்தில் பார். கடை விளக்கில் நீலமாகத் தெரிந்தது வெளியே வந்தால் ஊதாவாக இருக்கும். உள்ளங்கையை அடியில் வைத்துப் பார். கை ரேகை தெரிந்தால் லைனிங் போட வேண்டிவரும், வெயில் காலத்தில் அது இன்னொரு கஷ்டம். கைக்குட்டையை லேசாக நனைத்து ஓரத்தில் தேய். நிறம் ஒட்டினால் வேண்டாம். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் சாயம் நிற்கும் என்று அம்மா சொல்வாள். போகிற சாயத்தை உப்பு நிறுத்தியதை நான் பார்த்ததில்லை. சுத்தக் காட்டன்தானா என்று சந்தேகம் வந்தால், வீட்டுக்கு வந்ததும் ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவிக் கொளுத்திப் பார். பஞ்சு நூல் காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகி முனையில் கெட்டியாக உருண்டை நிற்கும்.

தைக்கக் கொடுப்பதற்கு முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து நிழலில் காயப்போடு. இதை மட்டும் விட்டுவிடாதே. காட்டன் முதல் துவைப்பில்தான் அதிகம் சுருங்கும். சுருங்குவதைத் தைப்பதற்கு முன்பே சுருங்கவிட்டால் பிறகு கையைத் தூக்கும்போது அக்குள் இழுக்காது.

டெய்லரிடம் வாயால் விளக்காதே, உனக்கு நன்றாகப் பொருந்துகிற பழைய டாப்ஸ் ஒன்றை அளவுக்குக் கொடு. வெறும் துணியைப் பார்த்ததும் அவருக்கே கை பரபரக்கும், “கழுத்துக்கு ஒரு பைப்பிங் வெச்சிரட்டுமா?” என்று கேட்பார். அன்பாகத்தான் கேட்பார், ஆனாலும் வேண்டாம் என்று சொல்லி ரசீதிலும் எழுதி வாங்கிக்கொள். பக்கத் தையலில் செல்போன் போகிற ஆழத்துக்கு ஒரு பாக்கெட், உள்ளே பிரித்து விடுவதற்கு ஒரு இஞ்ச் துணி. இது இரண்டும் கட்டாயம். முதலில் ஒன்றே ஒன்று தைத்து வாங்கி, ஒரு தடவை துவைத்துப் போட்டுப் பார்த்த பிறகு மற்றவற்றைக் கொடு.

கைத்தறி பிடிக்குமென்றால் கோ-ஆப்டெக்ஸ் போ. 1935-இல் நெசவாளர்களுக்காகத் தொடங்கிய கூட்டுறவு அது, தீபாவளி சமயத்தில் தள்ளுபடி தருவார்கள். சர்வோதய சங்கக் கதர்க் கடைகளில் காந்தி ஜெயந்தியை ஒட்டித் தள்ளுபடி உண்டு. கதர் முதலில் முரடாக இருக்கும், பத்துத் துவைப்பில் இளகிவிடும். நாலைந்து பேர் சேர்ந்து எடுப்பதாக இருந்தால் ஈரோடு கனி மார்க்கெட் வாரச் சந்தை இருக்கிறது. திங்கள் ராத்திரி தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும். மொத்த வியாபாரிகள் கூட்டம், நிதானமாகப் பார்க்க முடியாது. டி-ஷர்ட் என்றால் திருப்பூர் பனியன் துணியில் 180 ஜிஎஸ்எம் கேள், அதற்குக் கீழே போனால் வெள்ளை நிறம் உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுக்கும்.

ஒரே நேரத்தில் பத்து நிறம் வாங்காதே. மூன்று எடு. கறுப்பையும் கருநீலத்தையும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி நிழலில் காயப்போடு.

வருகிற ஞாயிறு நான் வருகிறேன், மேட்சிங் சென்டருக்குச் சேர்ந்தே போவோம். அளவுக்கு உன் பழைய சாம்பல் நிற டாப்ஸைத் துவைத்து எடுத்து வை. அதன் தோள்தான் உனக்குச் சரியாக உட்கார்ந்திருக்கிறது.