மொட்டைமாடி ஏறுகிற பிள்ளைகளுக்கு

1. வீரபாண்டியில் ஆகஸ்ட்டு பெர்சீட் விண்கல் மழையை நம்பாதீங்க கண்ணுகளா, மேகம் கெடுத்துவிடும். டிசம்பர் 13 ராத்திரி ஜெமினிட்தான் நமக்கு. 1983இல் கண்டுபிடித்த ஃபேதான் என்னும் சிறுகோள் உதிர்த்த துகள்கள் அவை. புனர்பூசத்தை ஒட்டிக் கிளம்புவதுபோலத் தெரியும். ரெண்டு மணிக்கு அது நன்றாக மேலேறியிருக்கும். அதற்காக அங்கேயே முறைக்க வேண்டாம்.

2. கம்பெனி லைட்டுக்கு முதுகு காட்டிப் படுங்கள். சின்னதுகள் இங்கே தப்பிவிடும். வெள்ளியை மிஞ்சிய வெளிச்சம் இருந்தால்தான் அதற்குத் தீக்கோளம் என்று பேர். அதைப் பல்லடம் ரோட்டிலிருந்துகூடப் பார்க்கலாம்.

3. தீக்கோளம் ஓடினால் போனைத் தேடாதீர்கள். ரெண்டு மூணு விநாடிதான் இருக்கும், முழுதும் கண்ணாலேயே பிடியுங்கள். எந்த இடத்தில் தொடங்கியது, எந்த இடத்தில் அணைந்தது? சாயப்பட்டறைப் புகைபோக்கிக்கு மேலே எத்தனை முஷ்டி? நீட்டிய கையில் ஒரு முஷ்டி சுமார் 10 டிகிரி. பிறகு நேரம், நிறம், உடைந்ததா, பின்னால் தடம் நின்றதா. பக்கத்தில் இருப்பவரோடு பேசும் முன்பே எழுதிவிடுங்கள்; பேசினால் ரெண்டு சாட்சியும் ஒரே கதையாகிவிடும். காங்கயத்தில் ஒருவர் அதையே பார்த்திருந்தால், இருவர் கோணத்தையும் வைத்து அது எந்த உயரத்தில் எரிந்தது என்று கணக்கிடலாம். சர்வதேச விண்கல் அமைப்பு இப்படிப்பட்ட குறிப்புகளை இணையத்தில் வாங்கிக்கொள்கிறது.

4. மறுநாள் கம்பெனி கேட் சிசிடிவியைப் பாருங்கள். வாட்ச்மேன் அண்ணனிடம் பக்குவமாகக் கேட்டால் காட்டுவார். கேமராக் கடிகாரம் எத்தனை நிமிடம் தப்பாக ஓடுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், அது இல்லாத படம் பாதிப் படம்தான்.

5. துண்டு துண்டாக, சாவகாசமாக, அரை நிமிடத்துக்கும் மேல் ஊர்ந்தால் அது ராக்கெட் குப்பை. 2022 ஏப்ரல் 2 அன்று மகாராஷ்டிராவில் அப்படித்தான் சீன ராக்கெட்டின் மிச்சத்தைப் பலர் விண்கல் என்றார்கள்.

6. ஜெமினிட் கல் தரைக்கு வராது, காட்டில் தேட வேண்டாம். விண்கல் மழையோடு சேராத பெரிய கல் எப்போதாவது வரும். பகல்போல வெளிச்சம் அடித்தால் ஜன்னல் பக்கம் போகாதீர்கள். 2013 பிப்ரவரி 15இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க்கில் வெளிச்சத்தைப் பார்க்கக் கண்ணாடியோரம் நின்றார்கள். அதிர்வலை ரெண்டு நிமிடத்துக்கு மேல் கழித்துத்தான் வந்தது. காயம்பட்ட சுமார் 1,500 பேரில் பெரும்பாலோரைக் கிழித்தது கண்ணாடிதான்.