சூடு ஏன் காற்றுக்குப் போகவில்லை?

கேள்வி: ஓப்பன்ஃபோம் மென்பொருளில் அலுமினிய ஹீட் சிங்க்கைக் காற்றால் குளிர்விக்கும் கணக்கு போட்டேன். உலோகம் சூடேறிக்கொண்டே போகிறது. காற்றோ துளியும் சூடாகவில்லை. ஏன்?

பதில்: பெரும்பாலும் இடைமுகத்தில்தான் கோளாறு இருக்கும். உலோகமும் காற்றும் தனித்தனி மண்டலங்கள். வலை, பொருட்பண்பு, எல்லை நிபந்தனை எல்லாம் தனித்தனிக் கோப்புறைகளில் இருக்கும். 'ஸ்பிளிட்மெஷ்ரீஜன்ஸ்' கட்டளை பொதுப் பரப்பை இரு பக்கமும் எல்லையாகப் பிரித்துத் தரும், அவ்வளவே. வெப்பநிலைக் கோப்பில் இரண்டு பக்கமும் இணைப்பு நிபந்தனையை எழுதுவது உங்கள் வேலை. 'ஜீரோகிரேடியன்ட்' என்று விட்டுவிட்டால் அது வெப்பம் கடத்தாத சுவராகிவிடும். (மாதிரிக் கோப்பை நகலெடுத்தவர்கள் எல்லையின் பெயரை மாற்ற மறப்பதும் உண்டு.) திருத்தியபின் இரு பக்க வெப்ப ஓட்டத்தையும் ஒப்பிடுங்கள்: அளவு ஒன்றாக, குறி எதிராக வரவேண்டும். இன்னொன்று: சூட்டைத் தரும் சிப்புக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் வெப்பப் பசை இருந்தால் அதற்குத் தனி வலை வேண்டாம். தடிமனையும் கடத்துதிறனையும் இணைப்பு நிபந்தனையிலேயே கொடுத்துவிடலாம்.